கதவுக்குப் பதில் அண்டா

"வரி கட்ட வேணாம்னு நீங்கதான் மச்சான் கையைப் பிடிச்சுத் தடுத்தீங்களாம்! எல்லாம் எனக்குத் தெரியும். நாங்க சந்தி சிரிக்கணும்... அதானேக்கா ஒங்களுக்கு வேணும்?"

உலை கொதிப்பதற்குள் ஷரபுன்னிசா கூடத்தின் நடுவில் நின்று ஆரம்பித்துவிட்டாள். மஜீதா அரிசி களைவதை நிறுத்தவில்லை. பாலக்கரையில் மாமனார் விட்டுப்போன அந்த வீட்டில் அடுப்பு இரண்டான நாளிலிருந்து ஓரகத்திக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அடுப்பு இரண்டானதே வீட்டு வரியால்தான். மஜீதாவின் கணவன் முகம்மது கனி ஒருமுறை தனியாகப் போய் வரியைக் கட்டிவிட்டு வந்தான். "ரசீது ஒங்க கையில இருந்தா வீடு ஒங்களுதா ஆயிருமாண்ணே?" என்று ஷரபுன்னிசாவின் கணவனான தம்பி ஜமால் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த பில் வந்தபோது, இது கோர்ட்டு வரைக்கும் போய்விடுமே என்று பயந்துதான் மஜீதா கணவனைத் தடுத்தாள். தம்பி வரட்டும், இருவரும் சேர்ந்து கட்டட்டும் என்றாள். தம்பியோ அண்ணன் கூப்பிடட்டும் என்றிருந்தான். வறட்டுக் கௌரவத்துக்கு இந்த வீட்டில் என்றைக்குமே பஞ்சமில்லை! பாக்கி இரண்டு வருஷத்துக்கு ஏறிவிட்டது.

அன்று ஆண்கள் கடைக்குப் போனபின் முனிசிபாலிட்டி பில் கலெக்டர் ஸ்தனிஸ்லாஸ் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார்.

"நோட்டீஸ் மேல நோட்டீஸ் குடுத்தாச்சும்மா. இன்னிக்கு ஜப்தி. வாசக் கதவைக் கழட்டிக்கிட்டு வரச் சொல்லி உத்தரவு."

"யா அல்லா! பர்தாவுக்குள்ள கோஷாவா இருக்கிற பொம்பளைங்க... கதவில்லாம நாங்க எங்க போவோம்?" ஷரபுன்னிசா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மேல் கீல் கழன்றது. கதவுக்குப் பின்னாலிருந்து மஜீதாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க. கதவுக்குப் பதிலா சாமான் எடுத்துக்கலாமில்ல?"

"பாக்கிக்குத் தேறும்னா எடுத்துக்கலாம்மா."

அவள் தன் சீர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். பத்துப்படி அரிசி வேகும் செம்பு அண்டா; விளிம்பில் அவளைப் பெற்ற அத்தாவின் பெயர் வெட்டியிருந்தது. மகள் ஜஹானாராவின் நிக்காஹுக்கென்று புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். அதைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே வெளியே தள்ளிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

முனிசிபாலிட்டி ஆட்கள் அண்டாவை ஏற்றிய கைவண்டி கடைவீதியில் போகும்போது ஜமால் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டான். ஜவுளிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அண்ணனின் தோல் மண்டிக்கு ஓடினான்.

"அண்ணே! மச்சியோட அண்டா போவுதுண்ணே!"

அண்ணியை மச்சி என்றுதான் அவன் கூப்பிடுவான்; இரண்டு வருஷத்தில் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் ஒன்றாகப் போய்ப் பணத்தைக் கட்டி, ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து அண்டாவை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

கூடத்தில் வைத்ததும் கனி தலைகுனிந்தான். "கட்ட விடாம இவ தடுத்தது நெசந்தான்டா. நாம கோர்ட்டுல நிக்கக் கூடாதேன்னு தடுத்தா. அதுக்கு ஆளாளுக்கு இவளைப் பேசினப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்... பாவி!"

"மச்சி... மன்னிச்சிருங்க மச்சி..." என்று ஜமால் அண்ணியின் முன்னால் வந்து நின்றான். ஷரபுன்னிசா ஓடிவந்து மஜீதாவைக் கட்டிக்கொண்டாள். "என் நாக்கு அழுவிப்போவக்கா! பெத்தவளா இருந்தாக்கூட இப்படிப் பொறுத்திருக்க மாட்டா..."

மஜீதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"போதும், அழுவாத. ஆறு மாசத்துல அடுத்த பில்லு வரும். யாரு யாரைக் கூப்பிடறதுன்னு இப்பவே பேசி முடிங்க. நான் கொஞ்சம் படுக்கிறேன்."

அறைக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். கூடத்திலிருந்து குரல்கள் கேட்டன.

"அடுத்த தடவை முழுசா நான் கட்டறேண்ணே."

"மூத்தவன் நான் உசுரோட இருக்கயில நீ எதுக்குடா கட்டணும்?"

மறுபடியும் சண்டை! மஜீதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, காலையிலிருந்து வராத கண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அவர்கள் போடும் சத்தத்திலேயே தூங்கிப்போனாள்.