பதினோரு சென்டிமீட்டர்

காலை ஏழு மணி ஆனால் சந்திரக் குடியிருப்பில் எல்லாரும் கனப்பதற்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பத்துக் கிலோ இருக்கும் ஆள், ஊரின் நடுவே சுற்றும் எடை வளையத்துக்குள் நுழைந்ததும் அறுபது கிலோ ஆகிவிடுவார். தினம் ஒரு மணி நேரம் பூமியின் எடையோடு நடக்காவிட்டால் எலும்பு உளுத்துப்போகும். அதனால் பல் தேய்ப்பதைப் போல இதையும் முணுமுணுத்துக்கொண்டே செய்து முடிப்பார்கள்.

பூங்கோதை மட்டும் முணுமுணுக்கவில்லை. அவளுடைய ஏழு வயது மகள் இதழினிக்குத் தொடை எலும்பில் கட்டி வந்து, பதினோரு சென்டிமீட்டர் எலும்பை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் இப்போது இருந்தது தளிரெலும்பு. அச்சு இயந்திரம் நெய்த, சல்லடை போன்ற ஒரு சட்டகம். அதில் குழந்தையின் மஜ்ஜையிலிருந்தே எடுத்து விதைத்த செல்கள். நாற்பத்தெட்டு நாளில் சட்டகம் கரைந்துவிடும். அதற்குள் செல்கள் எலும்பாகிவிட வேண்டும். அவற்றுக்கு வேண்டியதெல்லாம் எடைதான். காலை ஊன்றி நடந்தால் இறுகும். நடக்காவிட்டால் தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று செத்துப்போகும்.

"தினம் ரெண்டாயிரம் அடி," என்றார் அறுவை மருத்துவர் ரெஜினா. "வலிக்கும். அழுவா. நீங்களும் அழுதுக்கிட்டே நடக்க வைங்க. வேற வழியே இல்லம்மா."

நாற்பத்தெட்டு நாளும் எக்ஸ்ரே படம் எடுக்கக் கூடாது, இளம் செல்களுக்கு ஆகாது. அதனால் குழந்தையின் கணுக்காலில் அடியெண்ணி என்ற பட்டையைக் கட்டி அனுப்பினார். அதன் எண்ணிக்கை மருத்துவமனைக்கும் போகும், வளையத்துச் சுவரில் இருந்த மதிப்பெண் பலகைக்கும் போகும். பெற்றோர்கள் மனுப் போட்டு வாங்கிய பலகை அது.

முதல் நாள் இதழினி முப்பத்தோரு அடி வைத்தாள். அடுத்த அடியில் அவள் போட்ட அலறலுக்கு வளையத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். "வேணாம்மா. நான் இனிமே நல்ல பொண்ணா இருக்கேம்மா," என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்ட பிறகும் எந்தத் தாய் நடக்கச் சொல்வாள்? பலகையில் இதழினியின் பெயர் கடைசியில், சிவப்பில் கிடந்தது. அலறலா, சிவப்பா, எது தன்னை அதிகம் அறுத்தது என்று பூங்கோதைக்கே தெரியாது.

மூன்றாம் நாள் பட்டையைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டாள். தப்பு என்றே தோன்றவில்லை. போன வருடம் பள்ளியில் பூமி உருண்டை செய்துவரச் சொன்னபோது லீவு போட்டு உட்கார்ந்து செய்தவள் அவள்தான். பரிசு வாங்கியவள் இதழினி. குழந்தையின் கையெழுத்து மாதிரியே இருக்க வேண்டும் என்று இடது கையால் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்ததும் பூங்கோதைதான்.

"ரெண்டே நாள்தான் கண்ணு. வலி குறையட்டும், அப்புறம் நீ நட."

இதழினி பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றபடி அம்மாவின் அடிகளை எண்ணினாள். அடியெண்ணிக்கு அடிதான் தெரியும், ஆள் தெரியாது. பலகையில் பச்சை விழுந்தது. நெஞ்சுக்குள் எத்தனை நாளாகவோ இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது பூங்கோதைக்கு. இரண்டு நாள் நாற்பத்தைந்து நாளாயிற்று. தினமும் நூற்றுக்கு நூறு. குடியிருப்பிலேயே முதலிடம்.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சுரங்க ஓட்டுநர் அந்தோணிமுத்துவுக்கும் அதே சிகிச்சைதான், முழங்காலுக்குக் கீழே. அவர் பெயர் பலகையில் பாதியைத் தாண்டவே இல்லை. டாக்டரையும் சந்திரனையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நொண்டினார். அவருக்காக நடக்க ஆளில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் அவருடைய படத்தில் இடைவெளி முழுக்கப் புது எலும்பு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அடுத்தது இதழினி. படம் எடுக்கும் இயந்திரம் முதலில் அவள் மதிப்பெண்ணுக்கான பாராட்டுரையை வாசித்தது. பிறகு படம் வந்தது. இடுப்பின் கீழே எலும்பு, முழங்காலுக்கு மேலே எலும்பு, நடுவில் பதினோரு சென்டிமீட்டர் கறுப்பு.

ரெஜினா பூங்கோதையின் பக்கம் திரும்பினார். "பட்டை யார் கால்ல இருந்துச்சு?"

இதழினிதான் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். "அம்மா கால்ல. எனக்கு வலிக்கும்ல? அம்மா சூப்பரா நடந்தாங்க டாக்டர்."

"இன்னொரு தடவ வெச்சிரலாம் டாக்டர். சத்தியமா நடக்க வெக்கிறேன்," என்றாள் பூங்கோதை.

"விதைக்கச் செல் இல்லம்மா. கட்டிக்கு மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சது அவ்வளவுதான். மருந்து ஏறின மஜ்ஜையில இனி எடுக்க முடியாது."

"அப்ப என் எலும்ப எடுத்துக்குங்க."

"உங்க எலும்பு இப்ப இரும்பு மாதிரி இருக்கும். ஆனா அது அவகூட வளராது." ரெஜினாவின் குரல் இறங்கியது. "சீழ் வேற பிடிச்சிருக்கு. வியாழக்கிழமை அந்தக் காலையே தொடையோட எடுத்துடணும்."

வீட்டுக்குப் போக வளையத்தைக் கடந்தாக வேண்டும். இடுப்பில் மகள், பூமியில் கனப்பது போலவே கனத்தாள். பலகையில் முதல் பெயர் இன்னும் இதழினிதான், பச்சையில். எதிரே ஒரு பெண் மூச்சிரைக்க நடந்து வந்தாள். கணுக்காலில் அடியெண்ணி. பெஞ்சில் அவள் மகன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தான்.

பூங்கோதை குறுக்கே போய் நின்றாள். "அது பிள்ளை கால்ல இருக்கணுங்க. இப்பவே மாத்திக் கட்டிருங்க. நானும் இப்படித்தான் நடந்தேன். என் பொண்ணுக்கு எலும்பே வரல."

அந்தப் பெண் இதழினியைப் பார்த்தாள். பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளைக்கு வரலையாக்கும்? எம் பையன் முந்திருவான்னு பயமா இருந்தா நேராவே சொல்லுங்க."

பூங்கோதையைச் சுற்றிக்கொண்டு, முன்பைவிட வேகமாக நடந்தாள். சுவரில் மூன்றாவதாக இருந்த அவள் மகனின் பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது.