செம்பில் விழுந்த முகம்

"நிறுத்துங்க! மெயினை நிறுத்துங்க!"

அவள் போட்ட கூச்சலில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கூரைத் தகட்டில் விழும் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது... மின்பலகை அறைக்குள் கையைத் துடைத்தபடி ஒருவன் வந்தான். நெசவு ஆலையின் எலக்ட்ரீஷியன். ஆலை முழுக்க அவனுக்கு 'முசுடு' என்றுதான் பேர்.

"யாரும்மா நீங்க? எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேன். வர வேண்டியவருக்குக் காய்ச்சல், என்னை அனுப்பிட்டாங்க. அந்தச் செம்புப் பட்டை கொதிக்குது... இதைப் பாருங்க!"

சூட்டை மஞ்சளாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் காட்டும் தெர்மல் கேமரா அது. அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. திரையில், பட்டையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

நகர்ந்தாள். திட்டும் கூடவே நகர்ந்தது.

"அது உங்க மூஞ்சி. பளபளன்னு இருக்கிற செம்பு கண்ணாடி மாதிரி, எதிர்ல நிக்கிறவங்க சூட்டைத்தான் காட்டும்." கறுப்பு டேப்பைக் கிழித்துப் பட்டையில் ஒட்டினான். "கரண்ட் வந்து கொஞ்ச நேரம் ஓடட்டும். டேப் மேல பாருங்க... அதுதான் நெசச் சூடு. ஆனாலும், ஒரு ஆலையையே நிறுத்தின மூஞ்சி..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கேட்லயே சொன்னாங்க. உங்களை முசுடுன்னு சும்மாவா சொல்றாங்க?"

"அண்ணான்னும் கூப்பிடலாம். தப்பில்ல."

"அது மட்டும் என் வாயில வராது." அவள் கண்கள் ஜன்னலில் வழியும் மழைக்குப் போய்விட்டன. "எங்கண்ணனும் எலக்ட்ரீஷியன்தான். எங்கயோ ஒரு ஸ்க்ரூ லூஸ்... சூடாகி வெடிச்சப்ப எதிர்ல நின்னான். கடைசில முகத்தைக்கூடக் காட்டாமத்தான் எடுத்துட்டுப் போனாங்க."

அவன் அதற்குப் பிறகு வேடிக்கை பேசவில்லை. மின்பலகையின் மூடிய கதவைத் தாண்டி இந்தக் கேமரா பார்க்காது என்றான். தறி முழுசாக ஓடும்போதுதான் லூஸ் இணைப்பு சூடேறும் என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் அண்ணனுக்கு ஒருத்தர் பார்த்துச் சொல்லியிருந்தால்...

அப்புறம் அந்த ஆலையின் முறை வரும்போதெல்லாம் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேமராவைப் பிடித்திருக்கையில் பக்கத்தில் அவன் மூச்சுக் கேட்கும். திரையைப் பார்க்கிற சாக்கில் கண்கள் ஒரு நொடி முட்டிக்கொள்ளும்... உடனே இரண்டும் ஓடிவிடும்.

ஒரு மழை நாளில் அவன் பெண் கேட்டு வீட்டுக்கே வந்தான். அண்ணனின் படத்துக்குக் கீழே அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா கத்தவில்லை. அதுதான் கொடுமை.

"கரண்ட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துட்டேன். மருமகனையும் தூக்கிக் கொடுக்க எங்கிட்டத் தெம்பு இல்ல தம்பி."

அவன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். அவள் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள்.

"வேலையை விட்டுடறேன்," என்றான், திரும்பாமலே. "உங்க அம்மா சொல்றது நியாயந்தான்."

"விட்டா, அந்தப் பலகை முன்னாடி இன்னொருத்தர் நிப்பாரு. அவருக்கும் ஒரு தங்கச்சி இருப்பா."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

மழை அவள் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"அம்மாகிட்ட நான் பேசறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. நீங்க காலைல கெளம்பினா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு கையிலதான் இருக்கும்... தெரியும். நாள் தவறாம பயந்துக்கிட்டே இருப்பேன். அதுக்கு... அதுக்கு எனக்குச் சம்மதம்."

முசுடு அழுவான் என்று யார் சொல்லியிருந்தாலும் ஆலையில் நம்பியிருக்க மாட்டார்கள்.

"எனக்கும் பயமா இருக்கு," என்றான். "இவ்வளவு நாள் இல்ல... இப்பத்தான்."