அவள் கொடுத்த ரத்தம்

ரத்தச் செல்லின் ஓரத்தில் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. அங்கே அது இருக்கவே கூடாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறை பட்டப்பகலிலும் இருட்டாகவே இருக்கும். வெற்றிடப் பம்பு ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, சூடேறிய கம்பிகளின் வாடையை மூச்சோடு இழுத்தபடி, எட்டு வருஷமாக அந்த ஆய்வகத்தில் வைரஸ் வளர்ப்பவள் பச்சைத் திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அண்ணே, சாம்பிள் மாறிப்போச்சா?"

நுண்ணோக்கியை இயக்குபவர் எண்ணைச் சரிபார்த்தார். "இல்லம்மா. வைரஸ் போடாததுதான். போன வாரம் நீ குடுத்த ரத்தம்."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டும். ஊழியர்கள் முறைவைத்துக் கொடுப்பார்கள். இது அவள் முறை.

"எங்கயாவது கலந்திருக்கும்ணே."

"வைரஸ் ரூமுக்கே போகலையேம்மா. உங்கிட்ட எடுத்தது நேரா இங்கதான் வந்துச்சு."

அவர் அடுத்த செல்லுக்கு நகர்த்தினார். அதில் வீக்கம் பிறைபோல் வளைந்திருந்தது. அடுத்ததில் பாதி கழன்றிருந்தது. அதற்கடுத்ததில் முழுதாகக் கழன்று, நடுவில் கருத்த உருண்டையோடு தனியே நின்றது.

தான் வளர்க்கும் அந்த எச்.ஐ.வி. இன ரெட்ரோவைரஸை எந்த இருட்டிலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால், வைரஸ் ரூமில் ஊசி பட்டு, கையுறைக்குள் விரல்நுனி சுருக்கென்றது. ரத்தம் வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்போதே நுழைந்திருக்கும். மேலுள்ள முட்களால் செல்லைப் பற்றி, தன் உறையை அதன் உறையோடு கலந்து, உள்ளே இறங்கி, தன் ஆர்.என்.ஏ. இழையைத் தலைகீழாக டி.என்.ஏ.வாக எழுதி, அவளுடைய டி.என்.ஏ.வை வெட்டி, நடுவில் வைத்துத் தைத்திருக்கும். தைத்ததை இனி யாராலும் பிரிக்க முடியாது. செல் அதைத் தன் சொந்தச் சேதி என்று நம்பிப் படிக்கும். படித்தபடி செய்யும். செய்தது வெளியேறும்போது அவள் செல்லின் தோலையே போர்த்திக்கொண்டு போகும்.

கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

"எப்ப வர? காலைல நீ எடுத்து வச்ச பாலை ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டா. இன்னும் வேணும்னு ஒரே அழுகை."

பாப்பாவுக்கு ஐந்து மாதம்.

ஐந்து மாதமும் தாய்ப்பால்.

"கொடுக்காதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"இரு, அவகிட்டயே குடுக்கறேன். உன் குரல் கேட்டா அடங்குவா."

அழுகை காதுக்குள் வந்தது. பசித்த அழுகை.

மார்பு கனத்தது. சுரந்தது.

வேண்டாம். வேண்டாம்.

உடம்பு கேட்கவில்லை. பச்சை ஒளியில், அவள் சட்டையின் இரு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே இருந்தது.