மண்ணில் உட்கார்ந்த இரண்டு அப்பாக்கள்

“என் சைக்கிள் சீட்டுல நீ இன்னாவோ பண்ணிக்கீற, எட்மண்டு.”

“உன் சீட்டைத் தொட எனக்கு இன்னா வேலை, ராஜப்பா? என் சீட்டே என்னை உக்கார விடல.”

தங்கச் சுரங்கத்து ஊரிகம் லைன் வீடுகளில் அன்று மாலை யாரும் அடுப்பைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு காது முளைத்திருந்தது.

எட்மண்டும் ராஜப்பாவும் சுரங்க ஆபீசில் தபால் சுமக்கும் பியூன்கள். நடுவில் ஒரே சுவர், இரண்டு வீடு. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் இரண்டு சைக்கிள்களை ஆபீசில் விட்டுப்போக, ஆளுக்கொன்று கிடைத்தது. ஒன்றில் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட்டு. மற்றதில் வாத்து மூக்குபோல ஒடுங்கிய தோல் சீட்டு.

குண்டு ராஜப்பாவுக்கு அகலமானது, ஒல்லி எட்மண்டுக்கு ஒடுங்கியது என்று ஊரே கூடிப் பிரித்துக் கொடுத்தது. இதற்கு யோசனை வேறு வேண்டுமா? கண் இருந்தால் போதாதா?

ஒரே வாரம். ராஜப்பா காலை அகட்டி நடந்தார். சர்ச்சில் பிரசங்கம் முழுக்க எட்மண்ட் நின்றுகொண்டே கேட்டார். பக்தி என்று பாதிரியார் மெச்சிக்கொண்டார்.

எட்மண்டின் மகள் ஐடாவுக்கு சீட்டைப் பற்றிக் கவலையில்லை. “இனிமே அந்த வீட்டுப் படியை மிதிக்காதே” என்று அப்பா சொன்னதுதான் கவலை. ராஜப்பாவின் மகள் மாலா அந்த வீட்டில் அல்லவா இருக்கிறாள். காலையில் கண் விழித்ததும் ஐடா சுவரைத் தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து மாலா தட்டுவாள். இனி அதுவும் கிடையாது.

படியைத்தானே மிதிக்கக் கூடாது? கொல்லையில் படி ஏது?

நடுச்சுவரைப் பூச அங்கே செம்மண் குழைத்து வைத்திருந்தார்கள். ஐடாவும் மாலாவும் அங்கே சந்தித்தார்கள். கொஞ்ச நேரம் அழுதார்கள். கால் வலிக்கவே, பாதி காய்ந்த மண்மேலேயே உட்கார்ந்தார்கள்.

எழுந்ததும் மாலா சிரித்தாள். “ஏய், உன் குழியைப் பாருடி.”

மாலா கொழுகொழுவென்று இருப்பாள். ஆனால் அவள் உட்கார்ந்த இடத்தில் இரண்டு குழிகளும் நெருங்கிக் கிடந்தன. துடைப்பக்குச்சிபோல் இருக்கும் ஐடாவின் குழிகள்தான் தள்ளித் தள்ளி இருந்தன.

ஐடா குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “எலும்புடி. நாம சதையில உக்காரல, எலும்புல உக்கார்றோம். அப்பாங்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ?”

மறுநாள் மாலை மண்ணில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆளுக்கொரு அப்பாவைக் கொல்லைக்கு இழுத்து வந்தார்கள்.

“மண்ணுல உக்காருங்க மாமா,” என்றாள் ஐடா.

“இன்னாத்துக்கு?”

“யார் தப்புன்னு மண்ணு சொல்லும்.”

“உங்கப்பன் உக்காரட்டும், நான் உக்கார்றேன்,” என்றார் ராஜப்பா.

“மொதல்ல அவன்,” என்றார் எட்மண்ட்.

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருங்க. ஒண்ணு, ரெண்டு...”

உட்கார்ந்தார்கள். வேலிக்குமேல் பக்கத்து வீட்டு ஞானசுந்தரியின் தலை எழும்பியது. கறிவேப்பிலை பறிக்க வந்தாளாம். அந்த வேலியோரம் கறிவேப்பிலைச் செடியே கிடையாது.

எழுந்தபோது வேட்டி இரண்டும் செம்மண். ராஜப்பாவின் குழிகள் ஒட்டிப் பிறந்தவைபோல இருந்தன. எட்மண்டின் குழிகளுக்கு நடுவே ஒரு உள்ளங்கையைத் தாராளமாக வைக்கலாம்.

மாலா சீட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்தாள். ஒடுங்கிய சீட்டை எட்மண்டின் தடத்தில் ஐடா வைத்தாள். குழிகள் இரண்டும் சீட்டுக்கு வெளியே நின்றன. அகல சீட்டை வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

ராஜப்பாவின் தடத்தில் ஒடுங்கிய சீட்டும் அதேபோலப் பொருந்தியது.

“மாத்திக்கலாமா?” என்று கேட்டார் எட்மண்ட், சைக்கிளைப் பார்த்து.

“மாத்திக்கினா போச்சு,” என்றார் ராஜப்பா, வானத்தைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு எட்மண்ட் சர்ச்சில் உட்கார்ந்தார். பக்தி குறைந்துவிட்டதே என்று பாதிரியாருக்குத்தான் வருத்தம்.

மாலாவின் அம்மா பார்வதம்மா அந்த மண்ணை, தடங்களோடு சேர்த்து மறுபடி குழைத்து, நடுச்சுவரைப் பூசி முடித்தாள்.

பிற்பாடு மாலா ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போனாள். ஐடா டீச்சராகி, இன்பராஜ் என்பவரைக் கட்டிக்கொண்டு ஸ்கெலட்டன் என்ற இன்னொரு பகுதியில் குடியேறினாள். மாலா தாய்வீடு வந்தால் போதும், ஐடாவும் ஊரிகத்துக்கு ஓடி வந்துவிடுவாள். ஆளுக்கொரு பக்கம் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

அப்பாக்களின் சண்டை அதற்குள்தான் இருக்கிறது. பூசி மெழுகியாயிற்று.