ஒரே மாலை

இந்தக் கட்டு எப்போது வந்தது?

மகள் மித்ராவின் மணிக்கட்டைப் பார்த்தபடி பூங்கொடி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால், தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டியது தனக்குத் தெரியவில்லை என்றாகிவிடும்.

கடைசியில் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் வேன்ல இருந்து விழுந்தேன்ல. நீதானேம்மா கட்டிவிட்ட?"

பூங்கொடி நேற்றைய மாலையைத் தேடினாள். கிடைத்தது. மித்ரா பையை நாற்காலியில் எறிகிறாள், பால் குடிக்கிறாள், உதட்டில் நுரை. ரத்தம் இல்லை. முந்தாநாள்? அதே நாற்காலி, அதே நுரை. போன வாரமும் அதே நுரை.

அன்றாடம் நடப்பதையெல்லாம் சேமிக்க அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவுப்பேழை எல்லோருக்கும் இருப்பதுதான். பேழைகள் நிரம்பத் தொடங்கியதும், அவற்றை இயக்கும், யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்குத் தன்னார்வலர்கள் ஓர் அதிவேகச் சுருக்கியை எழுதினார்கள். திரும்பத் திரும்ப வருவதை அது ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'அதேதான்' என்று குறித்துவிடும். அதை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதியாகக் கட்டி மின்கையொப்பம் இடுவது பூங்கொடியின் பொறுப்பு; அந்தக் கையொப்பம் இல்லாமல் அது யார் பேழைக்கும் போகாது. பொதி கட்டுபவர் முதலில் தன் தலையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். போட்டிருந்தாள்.

வேகத்துக்காக அது ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வெளியீட்டைக் கவனிக்கும் சிவசாமியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"சோதனை பண்ணின அத்தனை பேரும் ஒண்ணும் குறையலீன்னு சொல்றாங்களே."

"குறைஞ்சது அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏனுங்க பூங்கொடி, நேத்து ராத்திரியும் இதையேதான் சொன்னீங்க. காலைல கூப்பிட்டு, எல்லாம் சரியா இருக்கு, சாவியைத் தேடிட்டிருக்கேன், கெடச்சதும் கையொப்பம் போட்டுடறேன்னீங்க."

அவள் நினைவில், நேற்றைய அழைப்பில் சிவசாமி தன் வீட்டு எருமையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லா அழைப்புகளிலும் அதையே சொல்லிச் சிரித்தார்.

"அத்தனை பயமா இருந்தா உங்க பேழைல இருந்து சுருக்கியைக் கழட்டிப்போட்டுருங்க."

கழற்ற முடியாது. அது மடித்ததை அதுவேதான் விரிக்க வேண்டும். கழற்றினால் மிஞ்சியிருக்கும் அந்த ஒரே மாலையும் போய்விடும்.

"எங்கப்பாவுக்குப் பேழை ரொம்பிப்போச்சுங்க," என்றார் சிவசாமி. "இன்னைக்கு நடந்தது நாளைக்கு இல்லை. அவரை மாதிரி எத்தனையோ பேர் காத்துட்டிருக்காங்க. இப்பக் கையொப்பம் போட்டுருங்க, அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்."

நாளைக் காலை இந்தப் பயம் தனக்கு நினைவிருக்காது. போட்டுவிடுவாள். கையொப்பச் சாவி ஒரு சின்ன வில்லை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும். அதை எங்காவது எறிந்துவிட வேண்டும் என்று கழுத்தைத் தடவினாள். சங்கிலி மட்டும் இருந்தது.

"எங்கிட்டத்தான் இருக்கு," என்றாள் மித்ரா, மெதுவாக. கட்டுத் துணிக்கு அடியில் சிறு மேடு ஒன்று தெரிந்தது. "நேத்து ராத்திரி நீதான் உள்ளே வெச்சு மறுபடி கட்டின. 'நானே கேட்டாலும் தராதே'ன்னு சொன்ன. காலைல வீடு பூரா தேடின. நான் சொல்லலை."

"சாவி கெடச்சுதுங்களா?" என்றார் சிவசாமி.

பூங்கொடி மகளின் சட்டைக் கையை இழுத்துக் கட்டை மறைத்தாள்.

"கெடச்சாலும் போட மாட்டேனுங்க," என்றாள்.