டமாரமும் ஒட்டிக்கொண்ட நாற்காலியும்

டமாரம் என்றால் பள்ளியில் தெரியாதவர் கிடையாது. அவள் கை ஒரு நிமிஷம் சும்மா இருந்தால்தானே வேறு பட்டப்பெயர் வைப்பார்கள்! மேசை, ஜன்னல் கம்பி, டிபன் பாக்ஸ், முன் பெஞ்சுக்காரியின் முதுகு என்று எது அகப்பட்டாலும் தட்டுவாள்.

அந்தக் கைதான் இப்போது அவளை வம்பில் மாட்டிவிட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் பள்ளி அரங்கில், பேச்சே இல்லாத பழைய சிரிப்புப் படம் ஒன்றைப் போடப் போகிறார்கள். அதில் மூன்று நிமிஷக் காட்சிக்கு டமாரமும், மூக்குக்கண்ணாடியால் 'கண்ணாடி' என்று பெயர் வாங்கிய அவள் தோழியும் மேடையோரம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இசை டீச்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "எங்கேயோ கேட்ட பாட்டைக் கொண்டு வராதீங்க. உங்க சொந்த இசையா இருக்கணும்."

காட்சி இதுதான். பெயின்ட் அடிப்பவர் ஒருவர், ஏணியின் உச்சியில் வாளியை வைத்துவிட்டுப் போகிறார். கீழே ஒரு மீசைக்காரர் நாற்காலியில் தூங்கி வழிகிறார். வாளி மெல்ல மெல்லச் சாய்கிறது. மீசைக்காரர் விழித்துக்கொள்கிறார். மேலே பார்த்துவிட்டு, 'தப்பித்தோம்' என்று பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்காருகிறார். அதுவோ அப்போதுதான் பெயின்ட் அடித்த நாற்காலி! அவர் எழுந்ததும் நாற்காலியும் கூடவே எழுகிறது.

பெயின்ட்காரரின் நடைக்கான தாளம் டமாரம் டிபன் பாக்ஸ் மூடியில் தட்டியபோது பிறந்தது. 'தக்கு திக்கு தக்கு திக்கு.' அதை வைத்துக் கண்ணாடி கீபோர்டில் மெட்டுப் போட்டாள். வாளி சாயச் சாய மெட்டு மேலே ஏறும். மீசைக்காரர் இடம் மாறும்போது சத்தமே இருக்காது. நாற்காலியோடு அவர் எழும் அந்த நொடியில் டிரம்மில் ஒரே ஒரு அடி. டமால்!

அந்த ஒரு அடிதான் உதைத்தது. மீசைக்காரர் உட்காரும்போதே டமாரத்தின் கை முந்திக்கொண்டு விழுந்தது. ஒன்பது முறை ஒத்திகை பார்த்தார்கள். ஒன்பது முறையும் அப்படித்தான்.

"ஏண்டி இப்படிப் பண்ற?" என்றாள் கண்ணாடி, அழாத குறையாக. "நீ அடிச்சதுமே ஏதோ ஆகப்போகுதுன்னு தெரிஞ்சுடுது. அப்புறம் யாரு சிரிப்பாங்க?"

"எனக்கு மட்டும் ஆசையா? அவர் எழுந்திருப்பார்னு எனக்குத்தான் தெரியுமே. கை கேக்க மாட்டேங்குது!"

டீச்சர் பெருமூச்சு விட்டார். "யோசிச்சுக்கோ. முடியலைன்னா காலையில சொல்லிடு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன் வாசிக்கட்டும்."

டமாரம் டிரம் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் பிறந்த தாளத்தை வேறு யாரோ வாசிப்பதா?

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள், கால் தட்டியது. காலை நாற்காலியில் சுற்றிக்கொண்டாள், நாற்காலி ஆடியது. மீசைக்காரர் உட்கார்ந்து எழும் மூன்று விநாடியை எண்ணிப் பார்த்தாள். அவள் எண்ணும் வேகத்தில் மூன்று விநாடிக்குள் பதினொன்று வந்துவிட்டது.

"இந்த வீட்டுல ஒரு டம்ளர்கூட நிம்மதியா இருக்க முடியல" என்றார் அப்பா, கேரட் நறுக்கியபடி. "என்னதான் ஆச்சு?"

"நீங்க அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லல்லப்பா? பாருங்க, அப்ப தெரியும்."

அப்பாவின் போனில் காட்சியை ஓடவிட்டு, அவர் எதிரில் டம்ளர்மேல் சாய்த்து நிறுத்தினாள். தம்பி அப்பா பக்கம் ஒட்டிக்கொண்டான். டமாரம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அங்கிருந்து போனின் முதுகும் அப்பாவின் முகமும்தான் தெரிந்தன.

'தக்கு திக்கு தக்கு திக்கு' என்று மேசையில் தட்டினாள். அப்பா கேரட்டை நறுக்கிக்கொண்டே பார்த்தார். புருவம் ஏறியது. கத்தி பாதியில் நின்றது. டமாரத்தின் விரலும் நின்றது. அப்பாவின் கண் அகலமானது. வாய் மெல்லத் திறந்தது...

டமால்!

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கேரட் துண்டு உருண்டு தரையில் விழுந்தது.

"அக்கா! சரியா நாற்காலி எழுந்தப்ப அடிச்ச!" என்று தம்பி குதித்தான்.

டமாரம் தன் கையையே பார்த்தாள். படத்தைப் பார்த்தால் அல்லவா கை முந்துகிறது!

காலையில் அவள் டீச்சரிடம் ஓடினாள். "நானே வாசிக்கிறேன் டீச்சர். ஆனா டிரம்மைத் திருப்பிப் போடணும். நான் படம் பார்க்க மாட்டேன். பார்க்கிறவங்களைத்தான் பார்ப்பேன்."

"திரைக்கு முதுகைக் காட்டிட்டா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் கண்ணாடி.

டீச்சர் தலையாட்டினார். "சரி. உன் பொறுப்பு."

மத்தியானம் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பல் விழுந்த ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பிஸ்கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். டமாரம் அவன் முகத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடியது. மெட்டு ஏறியது. பொடியன் கடிக்க மறந்தான். கண் விரிந்தது. இசை நின்றது. அரங்கமே அடங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பிஸ்கட் கீழே விழுந்தது. பொடியன் அதைத் தேடிக் குனிந்துவிட்டான்!

இப்போது டமாரம் யார் முகத்தைப் பார்ப்பது? திரும்பிப் படத்தைப் பார்க்கலாமா? கூடாது, கை முந்திவிடும். அவள் கண் வரிசை வரிசையாக ஓடியது. வாசலில் பள்ளிக் காவலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. விரலில் சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

சாவி சுற்றுவது நின்றது. டமாரத்தின் கை துடித்தது. பொறுத்தாள். அவர் கழுத்து நீண்டது. பொறுத்தாள். அவர் கண் முட்டையாகி, வாய் பிளந்தது.

டமால்!

அரங்கம் அதிர்ந்தது. குனிந்திருந்த பொடியன்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். கண்ணாடி சிரித்த சிரிப்பில் அவள் மூக்குக்கண்ணாடி கீபோர்டு மேல் நழுவி விழுந்து, இசையில் இல்லாத ஒரு சுரத்தை வாசித்தது.

எல்லோரும் கலைந்தபின் காவலாளி மேடையோரம் வந்தார்.

"ஏம்மா, நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே. எப்படி அவ்வளவு சரியா அடிச்ச?"

"நீங்க காட்டினதைப் பார்த்துதான் அங்கிள்."

"நானா? நான் வாசல்ல சும்மா நின்னுட்டு இருந்தேன்!"

டமாரம் கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, அவர் நின்ற மாதிரியே நின்று காட்டினாள். அவர் குலுங்கிச் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது. அவளுக்கு அந்தத் தாளம் பிடித்துப்போய், விரல்கள் மறுபடியும் தட்டத் தொடங்கின.