ஈயப் பெட்டியில் இருந்தது

காலை எட்டரை. ரசாயன ஆலையின் பழைய இரும்புக் குவியலில் ஈயப் பெட்டி கிடைத்தது. மூடி பிளந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய குப்பியைக் காணோம்.

தொட்டிக்குள் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியிலிருந்தே அளக்க உதவும் கதிரியக்கப் பொருள் அடைத்த எஃகுக் குப்பி அது. சுண்டுவிரல் பருமன்தான். ஈயத்துக்குள் இருக்கும்வரை சாது, வெளியே வந்தால் எமன்.

ஆலையின் காவலாளிகள் இருவரும் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வாந்தியும் புண்ணுமாகக் கிடந்தார்கள்.

"கூட்டுக் களவாணிங்க சார். மாத்தி மாத்திப் பாக்கெட்ல வெச்சிருக்கானுங்க," என்றார் ஏட்டு.

"பாக்கெட்ல வெச்சா தொடையில்லய்யா வெந்திருக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர். எதையும் கிண்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் ஸ்டேஷனில் அவருக்கு நோண்டி என்று பெயர். "பகல் ஆளுக்கு வலது கெண்டைக்கால். ராத்திரி ஆளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். இடிக்குதே!"

வார்டு வாசலில் பகல் காவலாளியின் மகள் நின்றிருந்தாள். அதே ஆலையில் ஃபிட்டர். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கட்டு. வெல்டிங் சூடு என்றாள்.

"எங்கப்பா ஒரு ஆணியக்கூடத் தொடமாட்டாரு சார். இதச் செஞ்சவன் யாருன்னு எனக்குச் சொல்லுங்க. அது போதும்."

உள்ளே டாக்டர் கையை விரித்தார். "பட்டது பட்டதுதான் சார். திருப்பி எடுக்க மருந்தில்ல. கால் போயிடும். உயிர் தங்குமான்னு சொல்ல முடியல."

பகல் காவலாளி முதலில் எதுவும் தெரியாது என்றார். இன்ஸ்பெக்டர் செல்போனில் குப்பியின் படத்தைக் காட்டினார். கிழவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"விக்கலாம்னு."

"இப்ப எங்க?"

"குளத்துல வீசிட்டேன். கேட் ரூமை மட்டும் பூட்டிருங்கய்யா. யாரும் உள்ள போக வேணாம்."

ஏட்டுக்கு வாயெல்லாம் பல். குளத்தில் வீசியவர் கேட் ரூமை ஏன் பூட்டச் சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டருக்குக் குடைந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ராத்திரியில எப்படிய்யா உக்காருவ?"

"நாற்காலியத் திருப்பிப் போட்டு, சாய்மானத்து மேல தாடைய வெச்சுக்குவேன். தூங்கினாலும் விழமாட்டேன் பாருங்க. முதலாளிகிட்ட போட்டுக் குடுத்துராதீங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஆலைக்கு போன் போட்டுக் கத்தினார். "கேட் ரூம்ல யாருய்யா? எந்திரிச்சு வெளிய ஓடு!"

பத்தரை மணிக்கு ஜீப் ஆலைக்குள் நுழைந்தது. மகளும் கூட வந்திருந்தாள். தூரத்திலிருந்தே அறைக்குள் பார்த்தார்கள். இரும்புக் குழாய் நாற்காலி. மூன்று காலுக்கு ரப்பர் செருப்பு. பின்பக்க வலது காலின் ஓட்டையில் மட்டும் ஏதோ பளபளத்தது.

"நேரா உக்காந்து காலை உள்ளே மடக்கினா, அது வலது கெண்டைக்காலை ஒட்டி நிக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "திருப்பி உக்காந்தா அதே கால் இடது முழங்காலுக்கு முன்னாடி வந்துடும். யாரும் திருடல. யாரோ நாற்காலியச் சரி பண்ணியிருக்காங்க."

மகள் தன் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"நான்தான் சார். ஒரு பக்கமா சாயுது, இடுப்பு வலிக்குதுன்னாரு. மேனேஜர் கழட்டச் சொன்ன பெட்டியிலேருந்து இது உருண்டு விழுந்துச்சு. அளவெடுத்த மாதிரி இருந்துச்சு, சொருகிட்டேன்."

"பெட்டியில எச்சரிக்கைப் பலகை இருந்திருக்குமே?"

"என்ன பலகை? பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்கன்னு தொட்டி, பெட்டி எல்லாத்துக்கும் சேத்துப் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னாரே மேனேஜர்!"

"அந்த ஆளு சொல்லித்தானா? அப்ப அவன்தாம்மா குற்றவாளி. இன்னிக்கே உள்ள தள்ளுறேன்."

அவள் காதில் அது விழவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா சார்?"

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தார்.

"படத்தப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டாரும்மா. அதான் திருட்டுப் பட்டத்தைத் தலையில போட்டுக்கிட்டாரு. வா, உன் கையையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவள் அசையவில்லை.

"அவரு மூஞ்சில எப்படி சார் முழிப்பேன்?"

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.